சுவரில் மாட்டும் தனிம வரிசை அட்டவணை: அமைப்பு அருமை, வண்ணத்தில்தான் சொதப்பல்

லேமினேட் செய்த பெரிய அட்டவணை, சுவரில் மாட்டுவது. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் எந்தக் கூட்டில் (அணுக்கருவைச் சுற்றியுள்ள அடுக்கில்) எத்தனை எலக்ட்ரான் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பல அட்டவணைகளில் இதைக் காணோம், ஆனால் உண்மையில் மொத்த அட்டவணைக்கும் சாவியே அதுதான். முதல் தொகுதியை, அதாவது முதல் செங்குத்து வரிசையை, மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள்: லித்தியம் 2,1, சோடியம் 2,8,1, பொட்டாசியம் 2,8,8,1. கடைசியில் வருவது எப்போதும் ஒன்றுதான். அந்த ஒற்றை எலக்ட்ரானை விட்டுவிடத் துடிப்பதால்தான் மூன்றுமே தண்ணீரோடு வினைபுரிகின்றன, கீழே போகப் போக அந்த எலக்ட்ரான் அணுக்கருவைவிட்டுத் தள்ளிப்போவதால் பிடி தளர்ந்து வேகமும் கூடுகிறது. இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, விரலை வைத்துக் கீழே இழுத்தால் போதும்.

நடுவில் இருக்கும் இடைநிலை உலோகங்களிலும் இதே பொடி எழுத்து கைகொடுக்கிறது. இரும்பு 2,8,14,2, கோபால்ட் 2,8,15,2, நிக்கல் 2,8,16,2. வெளிக்கூடு அப்படியே இருக்க, உள்ளே மட்டும் ஒன்றொன்றாக நிரம்புகிறது, அதனால்தான் பக்கத்துப் பக்கத்து உலோகங்கள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன.

அணு எண்ணைப் பெரிதாகவும் அணு நிறையைச் சின்னதாகவும் அச்சிட்டதும் சரியான முடிவு. டெலூரியத்தின் நிறை 127.60, அதற்கு அடுத்து வரும் அயோடினுக்கு 126.90 தான். நிறையை மட்டும் நம்பினால் இரண்டும் இடம் மாறி, அயோடின் தன் சொந்தக்காரர்களான குளோரினையும் புரோமினையும் விட்டு வேறு தொகுதிக்குப் போயிருக்கும். தனிம வரிசை அட்டவணையை உருவாக்கிய ரஷ்ய வேதியியலாளர் மெண்டெலீவ் 1869-இல் குணத்தைப் பார்த்து டெலூரியத்தை முன்னால் வைத்தார். அது ஏன் சரி என்பது 1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களை வைத்துச் செய்த ஆய்வுக்குப் பிறகுதான் விளங்கியது: வரிசையைத் தீர்மானிப்பது அணுக்கருவின் மின்சுமை, அதாவது அணு எண்.

சரி, இனி குறைகள். ஹைட்ரஜனுக்குக் கார உலோகங்களின் (லித்தியம், சோடியம் போன்றவற்றின்) இளஞ்சிவப்பையே பூசி வைத்திருக்கிறார்கள்! அது ஒரு வாயு, வெளியில் ஒரு எலக்ட்ரான் இருப்பதால் மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தனி நிறம் கொடுத்திருக்க வேண்டும். ஹீலியத்தை மட்டும் யோசித்துப் போட்டிருக்கிறார்கள், இரண்டே எலக்ட்ரான் என்றாலும் கூடு நிரம்பிவிட்டதால் 18-ஆம் தொகுதியில் மந்த வாயுக்களின் நிறத்திலேயே இருக்கிறது. முதல் இரண்டு தொகுதிகளின் நிறங்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை, இரவில் விளக்கு வெளிச்சம் பளபளப்பில் பட்டால் சுத்தம்.

இதைவிடப் பெரிய எரிச்சல் லாந்தனைடுகளும் ஆக்டினைடுகளும். அவற்றைக் கீழே தனியாகப் போடுவது அட்டவணை நீளாமல் இருக்க எல்லோரும் செய்வதுதான், ஆனால் மேலே அவற்றுக்குரிய இடத்தில் 57–71 என்றோ 89–103 என்றோ ஒரு குறிப்பாவது வேண்டாமா? வெறும் வெள்ளைக் கட்டம். 56-ஆம் எண் பேரியத்துக்கு அடுத்து 72-ஆம் எண் ஹாஃப்னியம் வந்தால் புதிதாகப் படிப்பவர் என்னதான் நினைப்பார்?

ஓரத்தில் மெண்டெலீவின் தாடிப் படத்துக்கு ஏகப்பட்ட இடம் வேறு. அதற்குப் பதில், அலுமினியத்துக்குக் கீழே அவர் காலியாக விட்ட இடத்தில் 1875-இல் கேலியம் வந்து பொருந்தியதை இரண்டு வரியில் எழுதியிருக்கலாம்.

எலக்ட்ரான் அமைப்புக்காகவே ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். வேறு அட்டவணை வாங்குபவர்கள் 113-ஆம் கட்டத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 113, 115, 117, 118 ஆகியவற்றுக்கு 2016-இல்தான் பெயர் முடிவானது, 113-இல் நிஹோனியம் என்று இல்லாமல் உனுன்ட்ரியம் என்ற பழைய தற்காலிகப் பெயர் இருந்தால் அது பழைய சரக்கு.