இங்கிலாந்தில் தெரியாத ஆட்டம் சென்னையில் தெரிகிறது: பிரிமியர் லீக்கை நெடுங்காலம் பார்த்துவந்த அனுபவம்

இங்கிலாந்து பிரிமியர் லீக் கால்பந்துப் போட்டியில் ஒரு பருவத்துக்கு 380 ஆட்டங்கள் நடக்கின்றன. 2025–26 பருவத்திலிருந்து பிரிட்டனில் அவற்றில் ஏறத்தாழ 270 ஆட்டங்கள் மட்டுமே நேரலையாக ஒளிபரப்பாகின்றன; அங்கே சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களை எந்த நிறுவனமும் நேரலையாகக் காட்ட முடியாது. அதே ஆட்டங்களைச் சென்னையில் இருக்கும் நான் குளிர்காலத்தில் இரவு 8.30 மணிக்கும், அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும் மாதங்களில் 7.30 மணிக்கும் பார்க்கிறேன். ஊரை விட்டு இத்தனை தொலைவில் இருக்கும் ரசிகனுக்கு உள்ளூர் ரசிகனைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் இந்த வாய்ப்பைத்தான், இத்தனை ஆண்டுகளில் நான் மிகவும் மதிக்கும் பயனாகச் சொல்வேன்.

இந்தத் தடைக்குப் பின்னே ஒரு நியாயம் இருக்கிறது. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட், பெரிய அணிகளின் ஆட்டங்களைச் சனிக்கிழமை பிற்பகலில் தொலைக்காட்சியில் காட்டினால் சிறிய கிளப்புகளின் மைதானங்களுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று வாதாடினார். அதன் தொடர்ச்சியாகவே இன்றும் அங்கே 2.45 முதல் 5.15 வரை நேரலைக்கு இடமில்லை. ஒளிபரப்பு உரிமை தொடர்பான வழக்குகளில் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. போர்ட்ஸ்மத் நகரில் மதுவிடுதி நடத்திய ஒரு பெண், உள்ளூர்க் கட்டணம் கட்டுப்படியாகாமல், கட்டணச் சேனலைத் திறந்து காட்டும் கிரேக்க நாட்டு டிகோடர் அட்டை ஒன்றைப் பயன்படுத்தித் தம் வாடிக்கையாளர்களுக்கு ஆட்டங்களைக் காட்டினார். அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. அத்தகைய அயல்நாட்டு அட்டையைத் தடைசெய்யும் சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எல்லை கடந்து சேவை வழங்கும் சுதந்திரத்துக்கு முரணானது என்று 2011 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஆனால் ஒளிபரப்பில் வரும் சின்னங்கள், தொடக்க இசை, திரை வரைகலை ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு என்றும், அவற்றைப் பொது இடத்தில் காட்ட அனுமதி வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஓர் ஆட்டத்தைப் பார்க்க அவர்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததை நினைக்கும்போதெல்லாம், மாதச் சந்தா கட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து பார்ப்பதன் அருமை எனக்குப் புரிகிறது.

நான் பார்க்கத் தொடங்கிய காலத்தில் இங்கே ஈஎஸ்பிஎன், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் என்ற இரண்டு சேனல்கள்தான் கதி. சிங்கப்பூரிலிருந்து இயங்கிய அந்தக் கூட்டு நிறுவனத்தின் ஸ்டுடியோவில் ஜான் டைக்ஸ் போன்ற தொகுப்பாளர்கள் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அமைதியாக, விவரம் தெரிந்து பேசுவார்கள். 2003 செப்டம்பரில் நாட்டிலேயே முதலாவதாகச் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமானபோது, பாக்ஸ் வாங்காத வீடுகளில் விளையாட்டுச் சேனல்கள் இருண்டுபோயின. எங்கள் தெருவில் கிரிக்கெட்டுக்காகப் பாக்ஸ் வாங்கியவர்கள் பலர்; கால்பந்துக்காக வாங்கியவர்கள் சிலரே. அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டு.

அதன்பின் டிஷ்ஷுக்கு மாறினேன். படத்தின் தெளிவு ஒரேயடியாக உயர்ந்தது, குறிப்பாக எச்டி சேனல்கள் வந்த பிறகு. ஆனால் சென்னைக்காரர்களுக்கு டிஷ்ஷில் ஒரு தொல்லை உண்டு. வீட்டு டிஷ்கள் பயன்படுத்தும் கேயூ அலைவரிசையைக் கனமழையின் நீர்த்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. இங்கே வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. லீக்கில் ஆட்டங்கள் நெருக்கமாக வரும் காலமும் அதுவே. டிஷ்ஷின் திசையைச் சற்றுச் சரிசெய்து, கேபிள் இணைப்புகளில் நீர் புகாமல் மூடிவைத்தால் சாதாரண மழை தொந்தரவு செய்வதில்லை. கொட்டும் மழைக்கு மட்டும் மாற்று வழி தேவை.

அந்த மாற்று வழிதான் இணையச் செயலி. ஒரே நேரத்தில் ஐந்தாறு ஆட்டங்கள் நடக்கும்போது சேனல்களில் ஒன்றோ இரண்டோதான் வரும். நடுத்தர அணி ஒன்றைப் பின்தொடர்பவருக்குச் செயலியைத் தவிர வேறு கதியில்லை. இருந்தும், இரண்டையும் பல பருவங்கள் மாறி மாறிப் பார்த்த பிறகு, வசதியும் மழையும் இடம் கொடுத்தால் நான் தொலைக்காட்சிச் சேனலையே தேர்ந்தெடுக்கிறேன். முதல் காரணம், தாமதம். செயலியில் படம் சேனலைவிடப் பல வினாடிகள், சில நாட்களில் அரை நிமிடத்துக்கும் மேல், பின்தங்கி வருகிறது. அதற்குள் நண்பர்களின் வாட்ஸ்அப் செய்தி கோலைச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது காரணம், புல்தரை. கேமரா வேகமாகத் திரும்பும்போது, குறைந்த தரவு வேகத்தில் வரும் படத்தில் புல் பச்சைக் குழம்பாகக் கலங்கிவிடுகிறது, நீண்ட பாஸில் பந்து கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. டிவியுடன் இணைக்கும் ஸ்டிக் வைத்திருப்பவர்கள் ஓர் அமைப்பைக் கவனிக்க வேண்டும்: பிரிட்டனிலிருந்து வரும் படம் வினாடிக்கு 50 படச்சட்டங்கள் (பிரேம்கள்) என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது, பல கருவிகள் அதை 60 என்ற கணக்கில் திரைக்கு அனுப்புவதால் ஓட்டம் விட்டுவிட்டு நகர்வதுபோல் தெரிகிறது. மூலப்படத்தின் வேகத்துக்கே பொருந்தும்படி அமைத்தால் இந்தக் குறை பெருமளவு தீர்கிறது. வைஃபைக்குப் பதிலாக ரௌட்டரிலிருந்து நேரடியாக வயர் இழுத்துக்கொள்வதும் நல்லது.

வர்ணனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு வருவது பிரிட்டன் சேனல்களின் ஒலியன்று. லீக்கிற்காக மேற்கு லண்டனிலுள்ள ஸ்டாக்லி பார்க்கிலிருந்து நெடுங்காலம் தயாரித்து அனுப்பப்பட்டுவந்த உலக ஒளிபரப்பின் ஒலி. உலகெங்கும் கேட்க வேண்டியது என்பதால் அதில் உள்ளூர்ப் பகை குறைவு, விளக்கம் கூடுதல். புதிதாகப் பார்க்கத் தொடங்குபவருக்கு இது பெரிய உதவி. பீட்டர் டிரூரி 2023 இல் பிரிட்டனின் ஸ்கை நிறுவனத்துக்குச் சென்றதுவரை, ஜிம் பெக்லினுடன் சேர்ந்து அவர் சொன்ன வர்ணனையை நாம்தான் வாரந்தோறும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆட்டத்தின் வேகம் கூடக்கூட அவர் சொற்களும் உயர்ந்துகொண்டே போவதைக் கேட்டு வளர்ந்த காது, எளிதில் வேறொரு குரலுக்குப் பழகுவதில்லை. 2022 உலகக் கோப்பையைத் தமிழ் வர்ணனையோடும் பார்க்க முடிந்தது. கிரிக்கெட்டின் சாயல் இல்லாத, கால்பந்துக்கே உரிய தமிழ் வர்ணனை வாரந்தோறும் லீக் ஆட்டங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியிலும் 45 நிமிடங்கள் முழுவதும் விளம்பரம் குறுக்கிடாமல் இருப்பது, ஒவ்வொரு ஓவருக்கும் விளம்பரம் பார்த்துப் பழகிய நமக்கு, தனி நிம்மதி.

செலவில் 2019 முதல் ஒரு நன்மை உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தபின், வேண்டாத தொகுப்புகளை விட்டுவிட்டுத் தேவையான விளையாட்டுச் சேனல்களை மட்டும் தனித்தனியாகச் சேர்க்கலாம். ஆகஸ்டில் சேர்த்து மே மாத இறுதியில் நீக்கிவிடுவது என் வழக்கம். ஒளிபரப்பு உரிமை கைமாறும் பருவங்களில், சேனலைச் சேர்ப்பதற்கு முன் எந்தப் போட்டி எந்தச் சேனலில் வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். பிரிமியர் லீக்கும் சாம்பியன்ஸ் லீக்கும் இங்கே பெரும்பாலும் வெவ்வேறு நிறுவனங்களின் கையில்தான் இருந்துவந்திருக்கின்றன.

நேரத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்வைப்பதால் நமக்கு ஆட்டங்கள் ஒரு மணி நேரம் தள்ளிப்போகின்றன. மார்ச் கடைசி ஞாயிறு மீண்டும் முன்னே வருகின்றன. வார நாட்களில் அங்கே இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு அதிகாலை 1.30. மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். முடிவைத் தெரிந்துகொள்ளாமல் காலையில் முழு ஆட்டத்தையும் மறு ஒளிபரப்பில் பார்ப்பதே நலம். பருவத்தின் கடைசி நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. அங்கே மாலை 4 மணி என்றால் நமக்கு இரவு 8.30. பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தைச் சேனலிலும், கீழ்நிலை லீக்குக்குத் தரமிறங்கும் அணியைத் தீர்மானிக்கும் ஆட்டத்தைச் செயலியிலும் வைத்துக்கொள்ளுங்கள். செயலியின் தாமதம் அன்றைக்கு உறுத்துவதில்லை.