பத்துக்குப் பன்னெண்டு ரூமுக்கு ராக்வூல் பேனல்: குரல் தெளிஞ்சிருச்சு, பேஸ் அசையல

மொதல்ல மார்க்கச் சொல்லிடறேன், நேரம் இருக்கறவங்க மீதியப் படிங்க. ரூம்ல எதிரொலி கொறைக்க சுவத்துல மாட்டற, ரெண்டு இன்ச் ராக்வூல் (பாறைப் பஞ்சு) வெச்சுத் துணி சுத்தின பேனலுக்கு அஞ்சுக்கு நாலு. அத மாட்டிக் குடுத்த சர்வீஸுக்கு ரெண்டு, அதுவும் வந்த பையனோட பொறுமைக்காகத்தான். கடை பேரு போடல, கமென்ட்ல கேக்காதீங்க.

கோயம்புத்தூர்ல சொந்த வீடு, மாடி ரூம். பத்துக்குப் பன்னெண்டு, ஒசரம் பத்தடி. செங்கல் சுவரு, மேல கான்கிரீட், கீழ விட்ரிஃபைட் டைல்ஸ், புட்டி பாத்து வழவழன்னு பெயின்ட். சாமான்னு பாத்தா ஒரு கட்டிலு, ஒரு பீரோ, ஜன்னலுக்கு மெலிசா ஒரு ஸ்க்ரீன். கையத் தட்டினா டர்ர்ர்ருன்னு ஒரு உதறல் வரும், எதிரெதிர் சுவத்துக்கு நடுவுல சத்தம் மாத்தி மாத்தி அடிச்சுட்டு அடங்க நேரமாகும். பகல்ல வீட்டம்மா அங்கதான் ஆன்லைன்ல பாட்டு கிளாஸ் எடுக்கறாங்க, ராத்திரி ஸ்பீக்கர் போட்டு நான் கேக்கறேன். கிளாஸ் புள்ளைங்க எல்லாம் "மிஸ், கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கு"ன்னு சொல்ல ஆரம்பிச்ச பிறகுதான் செலவுக்கு சாங்ஷன் ஆச்சு.

நெட்ல இதப்பத்தி படிச்சிருப்பீங்க, நாலு பேனல் போட்டா போதும்னு. அதுல பாதி அமெரிக்காக்காரன் வீட்டுக்குச் சொன்னது. அங்க மரச்சட்டத்துல ஜிப்சம் போர்டு அடிச்ச சுவரு, பேஸ், அதாவது கும்முனு வர்ற கீழ் சத்தம், வந்து மோதினா அது கொஞ்சம் அதிர்ந்து கொஞ்சம் வெளியவும் விட்டுரும், போதாக்கொறைக்கு தரையெல்லாம் கார்பெட் வேற. நம்ம செங்கலும் ஸ்லாபும் வாங்கினத அப்படியே திருப்பி அனுப்புற ஜாதி. அதனால நம்மூர் ரூமுக்கு பேனல் கூட வேணும், தடிமனாவும் வேணும்.

தடிமன்ல தான் கடைக்காரங்க ஏமாத்தறாங்க. போன உடனே காட்டறது 9 எம்எம் பாலியஸ்டர் ஷீட்டு, அறுகோணம் அறுகோணமா வெட்டி கலர் கலரா, யூடியூபர் பின்னாடி இருக்குமே அதுதான். பாக்க அழகு, ஒட்டறதும் சுலபம். ஆனா சுவத்தோட ஒட்டி வெச்சா கீச்சுனு இருக்கற மேல் சத்தத்தை மட்டும்தான் அது உறிஞ்சும், ஆம்பளக் குரலோட கனமான பகுதி அதப் பாத்துட்டுப் போயிட்டே இருக்கும். கணக்கு ரொம்ப சிம்பிள். சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர் போகுது, அப்போ 1000 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமாரா 34 சென்டிமீட்டர், அதுல கால்வாசி எட்டரை சென்டிமீட்டர். காத்தோட அசைவு அதிகமா இருக்கறது சுவத்துல இருந்து அந்த தூரத்துல தான், பஞ்சு அந்த எடத்துல இருந்தாத்தான் வேலை நல்லா நடக்கும். அதான் ரெண்டு இன்ச் பேனல், பின்னாடி ரெண்டு இன்ச் காலி எடம்னு கேட்டேன். காலி எடத்துக்குக் காசு இல்ல பாருங்க, அத மட்டும் எந்தக் கடையும் தானா சொல்லாது.

பேனல் எவ்ளோ சத்தத்த உறிஞ்சும்னு காட்டற நம்பரு என்ஆர்சி, அத 0.95, 1.00னு பெருசா போட்டிருப்பாங்க. அது 250, 500, 1000, 2000 இந்த நாலு ஹெர்ட்ஸ்ல எவ்ளோ உறிஞ்சுதுங்கறதோட சராசரி. 250க்குக் கீழ, பேஸ் இருக்கற எடத்துல, என்ன நடக்குதுன்னு அந்த நம்பருக்கே தெரியாது. அத வெச்சு பேஸ் கொறையும்னு எவனாவது சொன்னா டீயக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துருங்க.

பிரமிடு ஸ்பாஞ்சு வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டேன். சாதா பாலியூரித்தேன் ஃபோம் தீப்புடிச்சா நிமிஷத்துல ரூமையே முடிச்சுரும். 2003ல அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல ஒரு நைட் கிளப்புல மேடையில வாணம் கொளுத்தி, சத்தத்துக்காக சுவத்துல ஒட்டியிருந்த ஃபோம் பத்திக்கிட்டு நூறு பேர் செத்தாங்க. ராக்வூல் பாறைய உருக்கி நூலாக்கறது, அது எரியாது. மேல சுத்தற துணி எரியும் தான், அதனால பூஜை அலமாரி பக்கம் மாட்டாதீங்க.

துணி எடுக்கும்போது ஒரு சின்ன டெஸ்ட்டு. வாய்கிட்ட வெச்சு ஊதணும், அந்தப் பக்கம் கையில காத்து படணும். மொதல்ல ரெக்ஸின்ல சாம்பிள் காட்டினாங்க, தொடைக்க வசதியாம், ஊதிப் பாத்தா மூச்சே தாண்டல. அப்புறம் சாக்கு மாதிரி நெசவுள்ள சோஃபா துணி ஒண்ணு கெடச்சுது, அதுல ஓகே பண்ணேன்.

இப்ப சர்வீஸ் கதை. வந்த பையன் கையில டபுள் டேப்பும் பசை டின்னும். "அண்ணா, டேப் போதும்ணா, எல்லா வீட்லயும் இப்படித்தான்ணா ஒட்டறோம்"ங்கறான். புட்டி அடிச்ச சுவத்துல டேப் பேனலப் புடிக்காது தம்பி, புட்டியத்தான் புடிக்கும், ஒரு மழைக்காலம் போனா ரெண்டும் சேந்து கீழ வரும்னு சொல்லி நிறுத்தினேன். அப்புறம் கடைக்கு ஃபோன் போட்டு சத்தம் போட்டு, ரீப்பர் கட்டை வாங்கிட்டு வந்து, பிளக் அடிச்சு ஸ்க்ரூ போட்டு, அதுல கொக்கி வெச்சு மாட்டினாங்க. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேல டிரில் போட போனான், உள்ள பைப்ல வயர் போகுதுடான்னு கத்தினேன். ரசமட்டம் கூட எடுத்துட்டு வரல, கண்ணளவுலயே மாட்டி வலது பக்கம் ஒண்ணு லேசா சாஞ்சு நின்னுது, நான் கீழ்வீட்டு மேஸ்திரிகிட்ட ரசமட்டம் கடன் வாங்கிக் குடுத்த பிறகு நேராச்சு. பையன் மேல கோபம் இல்ல, அவனுக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்காம அனுப்பற கடை மேல தான்.

எங்க மாட்டறதுங்கறதுக்கு கண்ணாடி போதும். நீங்க கேக்கற எடத்துல உக்காந்துக்கங்க, ஒருத்தர் கைக்கண்ணாடிய சைடு சுவத்தோட ஒட்டி நகத்திட்டே போகட்டும், எங்க ஸ்பீக்கர் முகம் தெரியுதோ அங்க ஒரு பேனல். அப்படி சைடுக்கு ரெண்டு ரெண்டு, ஸ்பீக்கருக்குப் பின்னாடி ரெண்டு, தலைக்குப் பின்னாடி ரெண்டு. ஒவ்வொண்ணும் ரெண்டுக்கு நாலு அடி. சீலிங்லயும் தொங்கவிடணும்னு ஆசைதான், நடுவுல ஃபேன் சுத்துதே, கோயம்புத்தூரா இருந்தாலும் ஏப்ரல்ல ஃபேன் இல்லாம எவன் பாட்டு கேக்கறது. மாட்டுக்கூலி வண்டி வாடகை எல்லாம் சேத்து 25,000த்த ஒட்டி ஆச்சு.

ரிசல்ட்டு. ஃப்ரெண்டுகிட்ட அளவு மைக் வாங்கி லேப்டாப்ல ஆர்ஈடபிள்யூ போட்டு பாத்தேன், அது ரூம் சத்தத்த அளக்கற ஃப்ரீ சாஃப்ட்வேர் தான். பேச்சு இருக்கற பகுதியில சத்தம் அடங்கற நேரம் 1.2 செகண்டுல இருந்து அரை செகண்டு பக்கம் வந்துருச்சு. கை தட்டினா 'டப்', அவ்வளவுதான், உதறல் போயே போச்சு. தனி ஆவர்த்தனம் ஒண்ணு போட்டேன், மிருதங்கத்துல வலந்தலைச் சொல் (வலது பக்கத் தட்டு) ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுது, முன்னாடி வேகமா போற எடமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இடது பக்கம் தொப்பியில கும்கி, அதாவது கும்முனு இழுக்கற பேஸ் சத்தம், வரும்போது மட்டும் இன்னும் ரூம் சேந்து முனகுது. பத்தடிக்கு ரூமோட சொந்த அதிர்வு 56 ஹெர்ட்ஸ் பக்கம், நம்மளுது நீளத்துல தவிர மீதி ரெண்டு பக்கமும் பத்தடி, ரெண்டு பத்தடியும் ஒரே எடத்துல கூடிக்குது. 56க்கு கால் அலை ஒண்ணரை மீட்டர், அவ்ளோ தடிமனுக்கு பஞ்சு அடைச்சா நான் எங்க உக்கார்றது? பரண்ல கெடந்த பழைய இலவம்பஞ்சு மெத்தைய சுருட்டி மூலையில நிறுத்தினேன், கொஞ்சம் சமாதானம். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, இந்த சயின்ஸே அப்படித்தான் பொறந்துச்சு, 1895ல ஹார்வர்டுல சேபின்னு ஒரு புரொபசர் எதிரொலிக்கற ஒரு லெக்சர் ஹாலுக்கு ராத்திரி ராத்திரி பக்கத்து தியேட்டர்ல இருந்து சீட்டு மெத்தைகளத் தூக்கிட்டு வந்து வெச்சு வெச்சுத்தான் ஃபார்முலா கண்டுபுடிச்சாரு.

கிளாஸ் புள்ளைங்களுக்கு வாய்ஸ் கிளியர். ஆனா பாடற வீட்டம்மாவுக்கு வேற பிரச்சனை, "என்னங்க, குரல் விட்ட உடனே செத்துப் போகுது, கார்வை நிக்க மாட்டேங்குது, தொண்டைய அழுத்த வேண்டியிருக்கு"ங்கறாங்க. நியாயம்தான். கொக்கில மாட்டினதால கிளாஸ் நேரத்துல பின்பக்கம் ரெண்டையும் கழட்டி வெச்சுடறோம், டேப்ல ஒட்டியிருந்தா இது நடக்காது.

வெளிச் சத்தம் பாதிக்குப் பாதி கொறையும்னு சேல்ஸ் ஆளு அடிச்சு சொன்னாரு. சுத்தப் பொய். பக்கத்து வீட்டு மிக்ஸி அதே மாதிரி கேக்குது, மோட்டார் போட்டா அதே மாதிரி கேக்குது. அதுக்குக் கனமான கதவு வேணும், ஜன்னல் சந்து அடைக்கணும், அது வேற பட்ஜெட்டு.

நாலு மார்க்குக்கு மேல போகாததுக்குக் காரணம் பேனலோட முதுகு. பின்னாடி தொறந்த ராக்வூலா அனுப்பிட்டாங்க, தொட்டா கையெல்லாம் அரிப்பு, இதுல பல்லி வேற அந்த ரெண்டு இன்ச் சந்துல குடித்தனம் பண்ணுது. மெலிசு நான்வோவன் துணி வாங்கி நானே ஸ்டேப்ளர் அடிச்சேன். ஆர்டர் போடறவங்க பின்பக்கமும் துணி வேணும்னு பில்லுலயே எழுதி வாங்கிருங்க, வாய்ல சொன்னா மறந்துருவாங்க.