"பராமரிப்பே வேண்டாத தோட்டம்" என்று 46,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கவனம்

தோட்டம் போட ஆள் அனுப்பிய ஆப்காரர்கள் இன்று மதியம்தான் என் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடியிருக்கிறார்கள். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன பணம் 46,500 ரூபாய். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் அம்மா அப்பா இருக்கும் வீட்டின் முன்பக்கத் தோட்டத்துக்காகக் கொடுத்தது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. குனிந்து களை பிடுங்கவோ தண்ணீர் தூக்கி ஊற்றவோ முடியாது, ஆனால் சாமிக்குத் தினமும் பூ வேண்டும். அதனால் பராமரிப்பு குறைவான தோட்டம் அமைத்துத் தருபவரைத் தேடினேன். வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில், "சரிபார்க்கப்பட்டவர்" என்ற பச்சை முத்திரையோடு ஒருவர் கிடைத்தார்.

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கினார். ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "நீங்க பூ மட்டும் பறிங்கம்மா, மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்றார். அந்த ஒரு பேச்சில் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. சொட்டுநீர், டைமர், களை வராத விரிப்பு, மேலே கூழாங்கல், நடுவில் புல்தரை, ஓரமாக இட்லிப் பூவும் செம்பருத்தியும். செடிகள் ஆந்திராவில் கடியத்திலிருந்து லாரியில் வர வேண்டும், அதனால் முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்றார். அனுப்பினேன்.

கத்திரி வெயிலில் வந்து நட்டார்கள். கடற்கரை மணல் மேல் இரண்டு விரல் கனத்துக்குச் செம்மண், அதற்கு மேல் புல். களை விரிப்பு என்று போட்டது தண்ணீரும் காற்றும் புகாத கறுப்பு பிளாஸ்டிக் ஷீட். கோரை அதையே குத்திக்கொண்டு வந்துவிட்டது. சொட்டுநீர்க் குழாயில் ஃபில்டரே கிடையாது. கோடையில் எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று அப்பா முதல் நாளே சொன்னார், தலையாட்டிக்கொண்டார்கள். உப்புப் படிந்து துளைகள் அடைத்துக்கொண்டன. இட்லிப் பூ மஞ்சளாகி நின்றுவிட்டது. செம்பருத்தியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை கல்லாக இறுகியிருக்கிறது. புல்தரைக்கோ தினமும் தண்ணீர், அடிக்கடி வெட்டு. முழங்கால் வலிக்காரருக்கு அதை விற்க எப்படி மனம் வந்தது?

போன் செய்தால் "சைட்ல இருக்கேன் மேடம்". அப்புறம் "ஆளை அனுப்புறேன்". அப்புறம் "செடி உயிருள்ள பொருள், கேரண்டி கிடையாது". கடைசியில் "உங்க தண்ணிதான் சரியில்ல". ஆப்காரர்களிடம் போனால், நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டும்தான் என்கிறார்கள். அந்தப் பச்சை முத்திரையைக் குத்தியது யார்? 46,500 ரூபாய்க்கு ஒரு ஒழுங்கான பில்கூடத் தரவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கடலோர வீடு என்றால் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதிக்காமல் செடி எடுக்காதீர்கள். அரளி, காகிதப்பூ, பூவரசு இந்த உப்புக் காற்றைத் தாங்கும். குறைந்த பராமரிப்பு என்று சொல்லிக்கொண்டே புல்தரை போடச் சொல்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். களை விரிப்பின் மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கீழே இறங்க வேண்டும். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நான் போடப் போகிறேன். யாராவது இதே மாதிரி முழுப் பணம் கட்டிவிட்டு லாரிக்குக் காத்திருந்தால், செடி இறங்கும் முன்பே வேலையை நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.