குஸ்கோவில் ஒரு நடைச் சுற்றுலா

பெரு நாட்டின் குஸ்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வந்திறங்கிய அன்றே இந்தச் சுற்றுலாவில் சேர வேண்டாம். சான் பிளாஸ் மேட்டுத் தெருக்களில் மூச்சு வாங்கும். வழிகாட்டி அதிக நேரம் ஒதுக்கியது, ஸ்பானியருக்கு முன் இங்கு ஆண்ட இன்காக்களின் சூரியக் கோயிலான கோரிகாஞ்சாவுக்குத்தான். அக்கோயிலின் சுவர்கள்மீது ஸ்பானியர் எழுப்பிய சாந்தோ தொமிங்கோ மடம் 1950ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரிதும் சிதைந்தபோதும், சாந்தின்றி இழைத்துப் பொருத்திய பழைய கற்சுவர்கள் நிலைத்து நின்றதை, அச்சுவரின் உட்சாய்வையும் கல்லிணைப்புகளையும் அருகிலிருந்தே காட்டி அவர் விளக்கிய விதம் அருமை. அதுன் ருமியோக் தெருவின் இன்காச் சுவரிலுள்ள பன்னிரு கோணக் கல்லின் முன் நெரிசலில் அவர் குரலே கேட்கவில்லை. கட்டணமில்லை என்று விளம்பரம் செய்தாலும் இறுதியில் அன்பளிப்பை எதிர்பார்க்கிறார்கள், அது நியாயமே. ஆனால் அல்பாக்கா கம்பளிக் கடையொன்றில் எங்களைக் காக்க வைத்ததைத் தவிர்த்திருக்கலாம். பேராலயத்துக்கு நுழைவுச்சீட்டைத் தனியே வாங்க வேண்டும்.