யாழ்ப்பாணப் பயணமும் சலப்பைக் குளிசையும்

சலம் (சிறுநீர்) முட்டினால் அடக்க முடியாத கரைச்சலுக்குச் சொலிஃபெனசின் 5 மில்லிகிராம் குளிசை எடுத்துக்கொண்டு, நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய்வந்தேன். இந்தக் கரைச்சலுக்குப் பயந்தே ஊர்ப் பயணத்தைத் தள்ளிப் போடுகிற பெண்கள் லண்டனில் பலர் இருக்கிறார்கள். வெளியில் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். குளிசையோடு தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே தடிமனுக்கும் வயிற்று நோவுக்கும் ஆட்கள் அன்பாகக் கையில் தருகிற மற்றக் குளிசைகளில்தான் கவனம் வேண்டும்.

வெளிக்கிட முன்னர் எங்கள் மருத்துவ நிலையத்து மருந்தாளரிடம் ஒரு கடிதம் வாங்கினேன். மருந்தின் பொதுப் பெயர், அளவு, எதற்காக எடுக்கிறேன், வேறு என்ன மருந்துகள் எடுக்கிறேன் என்பதெல்லாம் அதில் இருந்தன. இங்கே பெட்டியில் இருக்கிற கம்பனிப் பெயர் இலங்கையில் உதவாமல் போகலாம். இந்தக் கரைச்சலுக்குத் தருகிற இன்னொரு மருந்தான மிராபெக்ரோன் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான்: இங்கிலாந்தில் அது பெட்மிகா, கனடாவில் மிர்பெட்ரிக். பொதுப் பெயரைச் சொன்னால் எந்த நாட்டு மருந்தாளருக்கும் விளங்கும். குளிசைகளைப் பெட்டியோடு கைப்பையில் வைத்தேன். நாள்கணக்குக்கு மேலாகக் கொஞ்சமும் எடுத்துக்கொண்டேன்.

நேர வித்தியாசத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். கோடையில் நாலரை மணித்தியாலம்தான். சொலிஃபெனசின் நாளுக்கு ஒன்று எடுக்கிற மருந்து. அது உடம்பில் பாதியாகக் குறையவே இரண்டு நாள் அளவு எடுக்கும். ஆகவே சில மணித்தியாலம் முன்பின்னானால் ஒன்றும் குடிமுழுகாது. ஒரு நாள் மறந்தால் மறந்ததுதான், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. இந்த நீண்ட ஆயுளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் அதுவும் உடனே விட்டுப் போகாது.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் போனோம். புறப்பட முன்னர் தேநீர் குடிக்கவில்லை, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்தேன். தண்ணீரை முழுக்க நிறுத்துவது நல்லதில்லை. சலம் கடுமையானால் சலப்பை இன்னும் எரிச்சல்படும், மலச்சிக்கலும் வரும். இந்தக் குளிசையே மலச்சிக்கலைத் தரக்கூடியது, அது சலப்பையை அழுத்தினால் அவசரம் இன்னும் கூடும். நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லி வைத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. முறிகண்டியில் வழக்கம்போல எல்லோரும் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்க இறங்குவார்கள், ஆனால் அதற்கு முன்னரே எனக்காக ஓரிடத்தில் நிறுத்தினார். மலசலகூடம் சுத்தமாகவும் இருந்தது. அந்தத் தம்பிக்கு இந்த இடத்தில் நன்றி.

இனிப் பாமசி. ஊர்ப் புழுதியில் தும்மலும் மூக்கடைப்பும் தொடங்கிவிட்டன. பக்கத்துக் கடை ஒன்றுக்குப் போனேன். தடிமன் என்று சொன்னதுதான் தாமதம், பிரிட்டன் (Piriton) என்கிற குளிசைகளை எண்ணிச் சின்னக் கடதாசிப் பையில் போட்டு நீட்டினார்கள். வேறு மருந்து எடுக்கிறேனா, கண் வருத்தம் இருக்கிறதா, ஒரு கேள்வியும் இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். சலப்பைத் தசையைச் சுருங்கச் சொல்லுகிற நரம்புச் செய்தியைத்தான் சொலிஃபெனசின் மறிக்கிறது. அதே செய்திதான் எச்சிலைச் சுரக்க வைக்கிறது, வியர்க்க வைக்கிறது, குடலை அசைக்கிறது. கண் பார்வையைக் கூர்மைப்படுத்துவதிலும் ஞாபகத்திலும் அதற்குப் பங்கு உண்டு. பிரிட்டன் எனப்படும் குளோர்பெனிரமினும் அதையே மறிக்கிறது. பஸ் பயணத் தலைச்சுற்றுக்குத் தருகிற புரோமெதசினும் அப்படித்தான், வயிற்றுப் பிடிப்புக்குத் தருகிற பஸ்கோபானும் அந்த வகைதான். தடிமனுக்கு விற்கிற பல கலவைக் குளிசைகளுக்குள்ளும் குளோர்பெனிரமின் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இவற்றைப் போட்டால் வாய் காயும், பார்வை மங்கும், சலமே போகாமல் அடைத்துக்கொள்ளவும் கூடும். வயது போனவர்களுக்குக் குழப்பம் வரும், தடுமாறி விழுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் அதை முதுமை என்று நினைத்துவிடுவார்கள்.

பையை வாங்காமல் ஒசுசலவுக்குப் போனேன். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடைகள்தான் ஒசுசல. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அந்தக் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கியபோது அடிப்படையாக வைத்ததே, மருந்தைக் கம்பனிப் பெயரால் இல்லாமல் பொதுப் பெயரால் வாங்குவது என்பதைத்தான். என் கடிதத்தை அங்கிருந்த மருந்தாளர் பிள்ளை முழுதாக வாசித்தார். “அன்ரி, இதோட பிரிட்டன் வேண்டாம். மூக்கைக் கழுவ உப்புத் தண்ணி பாவியுங்கோ. காய்ச்சல் வந்தால் பனடோல் போடலாம். நெஞ்சுச் சளியாகி ஆரும் கிளாரித்ரோமைசின் எண்ட அன்ரிபயோட்டிக் எழுதினால் இந்தக் குளிசையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கோ, அதால இந்தக் குளிசை உடம்பில கூடிப்போகும்” என்றார். சரியான ஆலோசனை. காசு கூட வாங்கவில்லை, உப்புத் தண்ணீர் வீட்டிலேயே செய்யலாம் என்று அனுப்பிவிட்டார்.

நல்லூர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மூடிவிடுவார்கள், தூரத்தில் இறங்கி வெறுங்காலோடு நடக்க வேண்டும். இந்த வகைக் குளிசைகள் வியர்வையைக் குறைப்பதால் உடம்பு சூட்டை வெளியேற்றக் கஷ்டப்படும். லண்டனில் இது தெரியாது. நான் காலைப் பூசைக்கு மட்டும் போய் வெயில் ஏற முன்னர் திரும்பினேன். தேர் அன்று மட்டும் மனம் கேட்கவில்லை, நிழலில் குடையோடும் தண்ணீர்ப் போத்தலோடும் நின்றேன். தோல் காய்ந்து சுட்டுத் தலை சுற்றினால் உடனே குளிரான இடத்துக்குப் போக வேண்டும் என்று கூட வந்த மருமகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் தருகிற தேநீர். வேண்டாம் என்றால் மனவருத்தம், குடித்தால் சலப்பைக்கு வருத்தம். மல்லித் தண்ணி கேட்டேன், சந்தோசமாகத் தந்தார்கள்.

இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமாகப் போனது அக்காவின் விசயம். கோப்பாயில் இருக்கிறார், சீனி வருத்தம் உண்டு. என் பெட்டியைப் பார்த்துவிட்டு, “எனக்கும் இதேதான். ரண்டு கார்ட் வைச்சிட்டுப் போ” என்றார். எத்தனையோ வருசமாக அந்தக் கரைச்சலை மறைத்துக் கலியாண வீடுகளுக்கே போகாமல் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. கேட்க எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் குளிசையைக் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் விடியவே அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம். நீண்ட காத்திருப்பு, உட்காரப் போதிய இடம் இல்லை, அடிக்கடி சலம் போகிற நோயாளிக்கு அருகில் மலசலகூடமும் இல்லை. இதைத் திருத்தியே ஆக வேண்டும். ஆனால் பார்த்த டொக்டர் கவனமானவர். முதலில் சலப் பரிசோதனையும் சீனியும் பார்த்தார். சலத்தில் கிருமி இருந்தது, சீனியும் கூடியிருந்தது. இரண்டுமே அடிக்கடி முட்டுவதற்குக் காரணமாகலாம். கிருமிக்கு மருந்து முடிந்தபோது அக்காவின் அவசரத்தில் ஒரு பங்கு தானாகவே குறைந்துவிட்டது.

மிச்சத்துக்குச் சலப்பை நிபுணர் ஒருவரை சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டித் தனியாகப் பார்த்தோம். இரவு வெகுநேரம் காத்திருந்தாலும் பலன் இருந்தது. அவர் அக்காவின் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கண் கிளினிக்கில் ஒடுங்கிய கோணக் கண் பிரஷர் (குளுக்கோமாவில் ஒரு வகை) என்று எழுதியிருந்ததை அவர்தான் காட்டினார். கட்டுப்படாத அந்த வருத்தம் உள்ளவர்கள் சொலிஃபெனசின் எடுக்கவே கூடாது. நான் பாசத்தில் இரண்டு கார்ட் வைத்துவிட்டு வந்திருந்தால் அக்காவின் கண் என்னவாகியிருக்கும்! என் வருத்தங்கள் எல்லாம் லண்டன் கணினிக்குள் இருக்கின்றன, அக்காவுடையது அவர் கையிலேயே இருக்கிறது. அந்தக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

சலம் போன பிறகு சலப்பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கான் பண்ணிப் பார்த்தார், இரத்தப் பிரஷரும் அளந்தார். கட்டுப்படாமல் 180க்கு 110 என்று போகிறவர்களுக்கு மிராபெக்ரோன் கொடுப்பதில்லை. அக்காவுடையது கட்டுக்குள் இருந்ததால் அதில் 25 மில்லிகிராம் எழுதினார். சலப்பைப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்: முட்டியவுடன் ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டுவது. குளிசையை உடைக்கவோ சப்பவோ கூடாது, மருந்து மெல்ல மெல்ல வெளியேறும்படி செய்தது, முழு பலன் தெரிய எட்டுக் கிழமை வரை எடுக்கலாம் என்றும் சொன்னார். அக்கா எந்தக் குளிசையையும் பாதியாக்கி மிச்சம் பிடிக்கிறவர், அதனால் இதை மகளுக்கும் சொல்லி வைத்தோம்.

சலம் முட்டியும் போகாமல் அடிவயிறு வீங்கினால், அல்லது முகமோ உதடோ வீங்கினால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், வடக்கிலும் 2018 முதல் ஓடுகிறது. அந்த இலக்கத்தை மகளின் போனில் சேமித்தோம். இப்போது கிழமைக்கு ஒருமுறை பிரஷர் அளந்து கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அடுத்த கிளினிக்குக்கு அந்தப் பக்கங்களோடு போகிறார்.