ஹாரோ கிழக்கா, மேற்கா: எது இழுபறித் தொகுதி?

லண்டனின் வடமேற்கு ஓரத்தில், ஒரே ஹாரோ கவுன்சில் எல்லைக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கும் நாடாளுமன்றத் தொகுதிகள் ஹாரோ கிழக்கும் ஹாரோ மேற்கும். 1997இல் டோனி பிளேர் அலையில் இரண்டையுமே லேபர் கட்சி தட்டிப் பறித்தது. கிழக்கு மட்டும் 2010இல் கன்சர்வேடிவ் பக்கம் திரும்பிவிட்டது. மேற்கு இன்றுவரை லேபரிடம்தான். பழைய கணக்கைத் தெரிந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

கிழக்கு பிறவியிலேயே இழுபறி. 1945இல் லேபர், 1950இல் கன்சர்வேடிவ், 1966இல் மறுபடி லேபர், 1970இல் மறுபடி கன்சர்வேடிவ். இதில் 1966 தனிக்கதை. அப்போதைய எம்.பி. ஆண்டனி கோர்ட்னி, சோவியத் தூதரகத்தார் ராஜதந்திரச் சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்துவதாக நாடாளுமன்றத்தில் விடாமல் குரல் கொடுத்தவர். மாஸ்கோவில் ஒரு பெண்ணோடு இருந்தபோது சோவியத் உளவு அமைப்பான கேஜிபி ரகசியமாக எடுத்த படங்கள், 1965இல் அவரைத் தெரிந்தவர்களின் கைக்கு வந்து சேர்ந்தன. அடுத்த ஆண்டே மயிரிழையில் தொகுதி போனது. அந்த இழுபறியில் கேஜிபிக்கும் ஒரு பங்கு உண்டு என்றே சொல்வேன்.

மேற்கில் இப்படிப் பரபரப்பு எதுவும் கிடையாது. தொகுதி உருவான 1945 முதல் 1997 வரை கன்சர்வேடிவ், கன்சர்வேடிவ், கன்சர்வேடிவ். அதை உடைத்த கேரத் தாமஸ் இன்னும் எம்.பி.யாக இருக்கிறார். அவர் உழைப்பாளிதான், மறுக்கவில்லை. ஆனால் கன்சர்வேடிவ் கோட்டையான பின்னர் (Pinner) பகுதியை 2010 எல்லைச் சீரமைப்பு வெட்டி எடுத்துப் பக்கத்துத் தொகுதியில் சேர்த்ததே அவருக்குப் பெரிய அதிர்ஷ்டம். அப்படியும் அந்த ஆண்டில் 3,143, 2015இல் 2,208 வாக்கு வித்தியாசம்தான். 2017இல் அது 13,314 ஆக எகிறியது.

கிழக்கை மாற்றியது எல்லைக்கோடு என்பதைவிட மனிதர்கள். கென்டன், ஸ்டான்மோர் பக்கத்துக் குஜராத்தி இந்துக் குடும்பங்கள் ஒருகாலத்தில் லேபரின் வாக்குவங்கி. 2010இல் கிழக்கை வென்ற கன்சர்வேடிவ் எம்.பி. பாப் பிளாக்மன் அவர்களைத் தேடிப் போனார். காஷ்மீர் விவகாரத்தில் இந்தியா பக்கம் நின்றார், சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்தை எதிர்த்தார். சட்ட விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் வாக்குக் கணக்கு அவருக்குப் பலித்தது. 2020இல் பத்மஸ்ரீயும் வந்தது. 2015இல் அவரை எதிர்த்த ஈழத்தமிழ்ப் பெண் உமா குமரன் 4,757 வாக்கில் தோற்றார் (2024இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஜெயித்து எம்.பி. ஆனது வேறு கதை). 2017இல் வித்தியாசம் 1,757க்கு இறங்கியது. லேபர் நெருங்கி வந்த கடைசித் தடவை அதுதான். நாடெங்கும் கன்சர்வேடிவ் மண்ணைக் கவ்விய 2024இல் இங்கே வித்தியாசம் 11,680. அந்தக் கட்சியில் ஜெயித்த 121 பேரில், தன் தொகுதியில் விழுந்த வாக்கில் பாதிக்கு மேல் வாங்கியவர் பிளாக்மன் ஒருவரே.

அடுத்த தேர்தல் இரவில் நான் கண்விழித்துப் பார்ப்பது மேற்கைத்தான். 2022 உள்ளாட்சித் தேர்தலில் லண்டனின் பல பகுதிகளில் அடிவாங்கிய கன்சர்வேடிவ், ஹாரோ கவுன்சிலை லேபரிடமிருந்து பறித்தது. கிழக்கில் வேலை செய்த அதே உத்தி மேற்கின் தெருக்களுக்கும் நகரத் தொடங்கினால், கேரத் தாமஸுக்குப் பின் நிற்கும் லேபர் வேட்பாளருக்குத் தூக்கம் வராது.