கோடை சீசனில் தீம் பார்க்கில் மரக்கால் ஆட்டம்: வேலை எப்படி?

சென்னைக்குத் தெற்கே ஈசிஆர் பக்கம் உள்ள ஒரு தீம் பார்க்கில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் மரக்கால் (காலில் உயரமான கட்டையைக் கட்டிக்கொண்டு ஆடுவது) ஆடினேன். அடுத்த கோடைக்கு அங்கே போகலாமா என்று எங்கள் பக்கத்துப் பசங்க கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் சில விஷயங்களை முன்னாலேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கால்ஷீட். தஞ்சாவூர்ப் பக்கம் கரகம், பொய்க்கால் குதிரை, மரக்கால் ஆடுகிறவர்களுக்குப் பங்குனி, சித்திரையில்தான் கோயில் திருவிழாக்கள் குவியும். பள்ளி விடுமுறை என்பதால் பார்க்கிலும் அப்போதுதான் கூட்டம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாது. திருவிழாவில் ஒரு ராத்திரிக்குக் கிடைப்பது பார்க்கின் நாள் கூலியைவிட அதிகம்தான். ஆனால் அது தினமும் வராது. இங்கே தினசரி வேலை, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. கணக்குப் போட்டதில் எனக்கு இது கட்டுப்படியானது. ஆடி மாத அம்மன் கோயில் ஆட்டங்களுக்குத் திரும்பிவிடலாம்.

கேட் திறந்ததும் வாசலில் வரவேற்பு, சாயங்காலம் ஊர்வலம். இரண்டுக்கும் நடுவே உச்சி வெயிலில் எங்களை வெளியே விடவில்லை, அதைப் பாராட்ட வேண்டும். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால் தரை கொதிக்கும். கரடி, முயல் வேஷம் போடுகிற பசங்க பாவம். ஃபோம் தலைக்குள்ளே காற்றே கிடையாது, வாய் ஓட்டை வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். அவர்களைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். மோர், ஓஆர்எஸ் எப்போதும் இருந்தது. முழங்காலுக்குக் கீழே பெல்ட் இறுக்கும் இடத்தில் வியர்வையால் தோல் உரியும். வெறும் ஸ்பாஞ்ச் போதாது, உள்ளே பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தரையைப் பற்றி. அலைக்குளத்திலிருந்து வெளியே வருகிறவர்கள் சொட்டச் சொட்ட நடப்பார்கள். சிமெண்ட் பாதை முழுக்க ஈரம். கட்டையின் அடியில் டயர் ரப்பர் அடித்திருந்தாலும் அங்கே வழுக்கும். முதல் வாரம் ஊர்வலத்தை அந்த வழியாகத்தான் விட்டார்கள். கூட நடக்க ஆளும் இல்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்ட பிறகு வழியை மாற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு பையனைத் துணைக்குப் போட்டார்கள். அந்தப் பையன் இல்லாமல் மரக்காலில் ஏறவே கூடாது. காரணம் செல்ஃபி. மரக்காலில் அசையாமல் நிற்க முடியாது, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது தெரியாமல் ஜனங்கள் “அண்ணா, ஒரு நிமிஷம் ஆடாம நில்லுங்க” என்று கட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் கைக்குழந்தையைத் தூக்கி நீட்டுவார்கள். சிரித்த முகத்தோடு அதையெல்லாம் விலக்கிவிடுவது துணைப் பையனின் வேலை. எனக்கு வந்தவன் ஒரு கல்லூரி மாணவன், தங்கமான பையன்.

ஆட்டக்காரனுக்கு இங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. திருவிழாவில் சனங்கள் நம்மைச் சுற்றி நின்று விடிய விடியப் பார்ப்பார்கள். பார்க்கில் யாரும் நிற்பதில்லை, அடுத்த ரைடுக்கு ஓடுகிறார்கள். அரை நிமிடத்துக்குள் அவர்கள் கண்ணைப் பிடிக்க வேண்டும். ஒரு குழந்தையைப் பார்த்து ஆடினால் குடும்பமே நின்றுவிடும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு முதலில் கொடுத்தது கோமாளி பேண்ட். சாயங்கால ஊர்வலத்திலாவது எங்கள் உடையோடு, நையாண்டி மேளத்துக்கு ஆடுகிறோம் என்று கேட்டோம், சம்மதித்தார்கள். மைக் பிடித்த தங்கச்சி, அசுரர்களை அழிக்க மாயவள், அதாவது துர்க்கை, மரக்கால் ஆடியதாகச் சிலப்பதிகாரத்தில் வருவதைத் தினமும் அழகாகச் சொல்லித்தான் எங்களை அழைத்தது. அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

குறை என்றால் பேமென்ட்தான். வேலைக்கு எடுத்தது ஒரு காண்ட்ராக்டர். மே கடைசி வாரக் கூலி ஜூன் முடியும்போதுதான் கைக்கு வந்தது, அதுவும் பலமுறை போன் செய்த பிறகு. பெண்கள் உடை மாற்றும் அறையும் போதாது, ஒரே அறையில் நெருக்கியடித்தார்கள்.

அடுத்த வருடமும் போவேன். நீங்களும் போவதாக இருந்தால், வாரக் கூலி எந்தக் கிழமை வரும், கூட நடக்க ஆள் உண்டா என்ற இரண்டையும் அட்வான்ஸ் வாங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.